நேராகக் கொடுத்த லைன்

தமிழினி அந்த பிரேக்கரைக் கையில் வாங்கியதும் முகப்பைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் திருப்பி, கண்ணுக்கு அருகே கொண்டுபோய், பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததைப் படித்தாள். பிறகு கடைக்காரர் பிரபுவிடமே அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது நூறு மில்லி ஆம்பியர். எனக்கு முப்பது வேணும்."

"பட்டறைக்கு எல்லாரும் நூறுதான் போடுறாங்கம்மா. முப்பதுன்னா மழைக்காலத்துல சும்மா சும்மா விழுந்துக்கிட்டே இருக்கும்" என்றார் பிரபு. சொல்லிவிட்டு, நான் ஒத்து ஊதுவேன் என்று என்னைப் பார்த்தார். போடியில் முப்பது வருசமாக வயரிங் வேலை பார்க்கிறவன் நான். அவர் கடையில் நான் சொன்னால் வாடிக்கையாளர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

"விழட்டும். விழுறதுக்குத்தான் அது" என்றாள் தமிழினி.

அவள் சொன்னது சரி. மின்சாரம் ஓடுகிற வழியை விட்டு எங்கோ கசிந்தால் லைனை அறுத்துவிடுவதுதான் அந்த வகை பிரேக்கரின் வேலை. முப்பது என்று எழுதியிருப்பது ஆளுக்காக. நூறு வரை பொறுத்துப் பார்ப்பது கட்டடத்தைத் தீயிலிருந்து காப்பாற்றலாம். ஈரத்தில் நின்று மிஷினைத் தொடுகிறவரைக் காப்பாற்றும் என்று அடித்துச் சொல்ல முடியாது. இதெல்லாம் எனக்கும் தெரியும். எப்போதுமே தெரியும்.

"எத்தனை போடட்டும்?" என்று பிரபு கேட்டார்.

"மூணு."

முப்பது வருசப் பழக்கம், வாய் தானாகத் திறந்துகொண்டது. "எதுக்கும்மா மூணு? மொத்தத்துக்கும் ஒன்னு போட்டா போதுமே. பிரேக்கர் மாட்டுற பெட்டியும் எட்டு வழியிலயே முடிஞ்சிரும்."

கடைக்குள் வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஒன்னு போட்டா, ஒரு மிஷின் கசிஞ்சாலும் பட்டறை மொத்தமும் நின்னுரும். எந்த மிஷின்னும் தெரியாது. சோலி கெடுதேன்னு பொறுமை இல்லாம யாராவது நேரா குடுத்துருவாங்க. மூணாப் பிரிச்சுட்டா கசியுறது மட்டும் நிக்கும்." பிறகு பிரபுவிடம் திரும்பினாள். "பன்னெண்டு வழிப் பெட்டி குடுங்க. ரெட்டைக் கதவு. வெல்டிங் செட்டும் லேத்தும் எடுத்ததும் நெறைய இழுக்கும், அதுக்கு டி வகை எம்சிபி. வெளக்குக்கும் பிளக்குக்கும் சி போதும்."

பொதுவாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினேன். வெளியே ஆடிக்காற்று பஜாரின் தார்ப்பாய்களைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. பிரபு ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைக்க, அவள் ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் திருப்பிப் படித்துவிட்டு ஒதுக்கி வைத்தாள். முப்பது வருசத்தில் அப்படிப் படித்துப் பார்த்து வாங்கிய ஒருவரை நான் பார்த்ததில்லை.

நான்கு நாளைக்கு முன்னால் போன் செய்திருந்தாள். "சிலமலை மொக்கச்சாமி மக பேசுறேன். எங்க பட்டறைக்குப் புதுசா போர்டு போடணும். நீங்க வரணும்." சின்னப் பிள்ளையில் என்னை ஜோசப் மாமா என்றுதான் கூப்பிடுவாள். போனில் மாமாவும் இல்லை, அண்ணனும் இல்லை. வர முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

தமிழினிக்கு இருபத்து நான்கு வயது. கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் முடித்து, அங்கேயே மின்பெட்டிகள் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் ஐந்து வருசம் வேலை பார்த்தாள். அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தாள். வீட்டுக்குப் பின்னால் அவள் அப்பா நடத்தி, ஒன்பது வருசமாகப் பூட்டிக் கிடந்த பட்டறையைத் திறப்பதாக ஏற்பாடு. ஏலக்காய் காயவைக்கிற கம்பிவலைத் தட்டு, காய்ந்த காயை உரசிக் காம்பு போக்குகிற டிரம், தரம் பிரிக்கிற சல்லடை என்று மலையில் இருக்கிற எஸ்டேட்டுக்காரர்களுக்கு வருசாவருசம் தேவை இருந்துகொண்டே இருக்கும். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தம்பாறை வரைக்கும் மொக்கச்சாமியின் தட்டுக்கு ஒரு பெயர் இருந்தது.

மொக்கச்சாமியும் நானும் பத்தாவது வரை ஒரே பெஞ்சு. அவன் பட்டறைக்கு முதல் போர்டு போட்டவனும் நான்தான். எட்டு வழிப் பெட்டி, மொத்தத்துக்கும் ஒரே ஒரு கசிவு பிரேக்கர். நல்ல சரக்கு, முப்பது மில்லி ஆம்பியர்.

ஒன்பது வருசத்துக்கு முன்னால் ஐப்பசி. மலையில் காய் பறிப்பு உச்சத்தில் இருந்தது. நாலைந்து எஸ்டேட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மொக்கச்சாமி ஒரு நாளில் ஆறு தடவை போன் செய்தான். "பத்து நிமிசத்துக்கு ஒருக்கா விழுகுது மாப்ளே. வெல்டிங் பாதியில நிக்குது. வெரசா வந்து ஏதாச்சும் பண்ணு." எனக்குத் தேவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வேலை அரைகுறையாகக் கிடந்தது. போகிற வழிதானே என்று சிலமலையில் வண்டியை நிறுத்தினேன். கசிவைக் கண்டுபிடிப்பதென்றால் ஒவ்வொரு மிஷினாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். அரை நாள் ஓடிவிடும். "இப்பதைக்கு நேரா குடுத்துரு. அப்புறமேல் வந்து பாரு" என்றான் அவன். பிரேக்கருக்குள் போகிற ஒயர்களையும் வெளியே வருகிற ஒயர்களையும் கழற்றி, நேருக்கு நேர் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினேன். இனி மின்சாரம் பிரேக்கர் பக்கமே போகாது. இதைத்தான் நாங்கள் நேராகக் கொடுப்பது என்போம். வெளியே பார்த்தால் பிரேக்கரின் விசை எப்போதும்போல நிமிர்ந்து நின்றது.

"ரெண்டு நாள்ல வந்து சரி பண்ணிர்றேன்" என்றேன். எட்டு நிமிச வேலை. அவன் பெண்டாட்டி வேலுத்தாய் காபி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டு நாளில் நான் போகவில்லை. ஒரு வாரத்திலும் போகவில்லை. வேலை நடந்துகொண்டிருந்தது, அவனும் கூப்பிடவில்லை.

பத்தொன்பதாம் நாள் வேலுத்தாய் காலி டம்ளர்களை எடுக்கப் பட்டறைக்குள் போயிருக்கிறாள். கூரை ஒழுகித் தரையெல்லாம் ஈரம். ஓடிக்கொண்டிருந்த டிரம்மின் இரும்புச் சட்டத்தில் கையை ஊன்றிக் குனிந்திருக்கிறாள். அந்த மோட்டார்தான் கசிந்துகொண்டிருந்தது. அதன் எர்த் ஒயரும் அறுந்து கிடந்தது. லோடு கூடினால் மட்டும் விழுகிற சாதாரண எம்சிபிகள் எல்லாம் நிமிர்ந்தே நின்றன. எம்சிபி ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது.

முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸில் அவளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மொக்கச்சாமி சட்டை இல்லாமல் கூட ஏறினான். தெருவே ஆம்புலன்ஸுக்குப் பின்னால் போனது. நான் பின்பக்கம் போனேன். பட்டறையில் யாரும் இல்லை. என் பையில், முந்தின வாரம் ராசிங்காபுரத்தில் ஒரு வீட்டில் கழற்றிய செத்த பிரேக்கர் ஒன்று கிடந்தது. அதே கம்பெனி, அதே அளவு. முறுக்கிய ஒயர்களைப் பிரித்தேன். நல்ல பிரேக்கரை எடுத்துவிட்டுச் செத்ததை அந்த இடத்தில் மாட்டி, ஒயர்களை அதில் ஒழுங்காகச் செருகி முடுக்கினேன்.

மறுநாள் விசாரிக்க வந்தவர்கள் அதைச் சோதித்தார்கள். வேலை செய்யவில்லை. டூப்ளிகேட் சரக்காக இருக்கலாம், மொக்கச்சாமியே எங்கேயோ வாங்கி வந்து கொடுத்தார் என்று நான் சொன்னேன். பக்கத்தில்தான் அவன் நின்றான். என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிப் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் என்று சிலமலை பேசியது. பதினைந்து வயது தமிழினியும் அதைத்தான் கேட்டாள். ஹாஸ்டலுக்குப் போனவள் தீபாவளிக்குக்கூட வரவில்லை என்றார்கள். தேவாரத்துக்குப் போகிற பஸ் சிலமலையில் நிற்கும்போதெல்லாம் நான் மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன்.

பெட்டி, பிரேக்கர், கேபிள் எல்லாவற்றையும் ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவள் முன்னால் போக, நான் வண்டியில் பின்னால் போனேன். மலைப்பக்கம் சாரல் இறங்கியிருந்தது. ரோட்டில் ஒரு சொட்டு இல்லை, காற்று மட்டும் வண்டியைத் தள்ளியது.

மொக்கச்சாமி பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். போன வருசம் பக்கவாதம் வந்து இடது கை மடியில் கிடந்தது. நான் போனதும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

"வா ஜோசப்பு."

"எப்படி இருக்க மாப்ளே?"

"இருக்கேன்." தமிழினி ஆட்டோக்காரரோடு சேர்ந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாதபடி அவன் குரலைத் தாழ்த்தினான். வாய் லேசாகக் கோணியிருந்ததால் சொற்கள் பையப் பைய வந்தன. "சொல்லிட்டேன்."

"என்னத்த?"

"போன வெள்ளிக்கெழமை. நேரா குடுத்ததை. நான் கேட்டேன், நீ குடுத்தன்னு."

என் கையில் டிரில்லிங் மிஷின் இருந்தது. அதைக் கீழே வைக்கவா, பிடித்துக்கொண்டே நிற்கவா என்று தெரியவில்லை. அவள் என்னைக் கூப்பிட்ட பிறகு சொன்னானா, முன்னாலேயே சொன்னானா என்று மனசு கணக்குப் போட்டது. இன்று செவ்வாய். அவள் போன் செய்தது அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

"இத்தனை வருசம் கழிச்சு எதுக்கு மாப்ளே?"

"அப்பவே சொல்லியிருந்தா ஒன்னையும் புடிப்பாங்க, என்னையும் புடிப்பாங்க. பிள்ளைய யாரு பாப்பான்னு நெனச்சேன்." அவன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "பாத்த லட்சணந்தான் தெரியுமே. எங்கூட அவ உக்காந்து சாப்புட்டு ஒம்போது வருசம் ஆச்சு. இப்ப அதே எடத்துல நிக்கப் போறா. சொல்லாம எப்படி இருக்கது?"

"என்ன சொன்னா?"

"ஒன்னுஞ் சொல்லல. எந்திரிச்சுப் போயி ஒனக்குப் போன் போட்டா."

திரும்பிப் போயிருக்கலாம். வண்டிச் சாவி சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் தமிழினி உள்ளேயிருந்து, "பெட்டி இந்தச் சுவத்துல வேணாம், ஈரம் ஏறும். எதுத்த சுவத்துல தொளை போடுங்க" என்றாள். நான் உள்ளே போய்த் துளை போட்டேன்.

மத்தியானம் வரை வேலை. வீட்டு மெயின் போர்டிலிருந்து கேபிள் இழுத்து, பெட்டியை மாட்டி, முதலில் மொத்த லைனையும் அறுக்கிற ஐசொலேட்டர், அதற்கு அடுத்து மூன்று கசிவு பிரேக்கர்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே எம்சிபிகள். அவள் எதிரிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு ஒயரையும் நான் செருகி முடுக்கியதும் எழுந்து வந்து இழுத்துப் பார்த்தாள். நியூட்ரல்களை ஒரே பட்டையில் சேர்க்கப் போனபோது, "மூணுக்கும் தனித்தனி" என்றாள். கை பழக்கத்தில் தப்புப் பண்ண இருந்தது; சேர்த்தால் மூன்றும் காரணமில்லாமல் விழும். முப்பது வருசத்தில் இத்தனை கவனமாக நான் வேலை செய்ததில்லை. இத்தனை மோசமாகவும் செய்ததில்லை. ஸ்குரு டிரைவர் இரண்டு தடவை வழுக்கிக் கட்டைவிரலைக் கிழித்தது. அவள் எழுந்துபோய் ஒரு துணித்துண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கையில் தரவில்லை.

பட்டறைக்குப் பின்னால் புது எர்த் குழி தோண்டி வைத்திருந்தார்கள். அதிலிருந்து கம்பியை இழுத்து ஒவ்வொரு மிஷினின் உடம்பிலும் கட்டினேன். கடைசியாக அந்த டிரம். அதே டிரம்தான். மோட்டாரை மட்டும் மாற்றி, சட்டத்துக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தாள். அதன் காலில் எர்த் கம்பியை முடுக்குவதற்காக நான் முழங்காலிட்டபோது அவள் கேட்டாள்.

"நேரா குடுத்த ஒயர, அம்மாவ ஆம்புலன்ஸ்ல ஏத்துன பெறகு கழட்டுனீங்களா, அதுக்கு முன்னாடியேவா?"

குரல் உயரவில்லை. பன்னிரண்டு வழிப் பெட்டி வேண்டும் என்று கடையில் கேட்டாளே, அதே குரல். நான் ஸ்பேனரை விடாமல் சொன்னேன்.

"பெறகுதான்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பத்து நிமிசம் இருக்கும்."

"கை நடுங்கலையா?"

பொய் சொல்ல நினைத்தேன். நடுங்கியது என்று சொல்லியிருந்தால் எனக்கே கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். "இல்ல" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "நேரா குடுத்திருந்தீங்கன்னா அந்த பிரேக்கர் வழியா கரண்டே போயிருக்காது. சும்மா நின்ன பிரேக்கர் எப்படிச் செத்துச்சு? அப்பா சொன்னதுலேருந்து இதத்தான் யோசிக்கிறேன். அப்பாவுக்குத் தெரியல."

வாசலில் நாற்காலி அசைகிற சத்தம் கேட்டது. அவனுக்கு இது தெரியாது. சரக்குதான் கெட்டுவிட்டது போல, நேராகக் கொடுக்காமல் இருந்திருந்தாலும் அது காப்பாற்றியிருக்காது போல என்று இத்தனை வருசத்தில் ஏதோ ஒரு ராத்திரியிலாவது அவன் தன்னைத் தேற்றிக்கொண்டிருப்பான். அதையும் இப்போது நான் பிடுங்க வேண்டியிருந்தது.

"அது வேற பிரேக்கர். ராசிங்காபுரத்துல ஒரு வீட்ல கழட்டுனது. நான் மாத்தி வச்சேன்."

"இங்க இருந்த நல்லது எங்க?"

"எங்க வீட்ல."

"பரண்லயா?"

"இல்ல. மாட்டியிருக்கேன்."

காற்றில் கூரைத் தகரம் தூக்கித் தூக்கி விழுந்தது.

"வேல செய்யுதா?"

"செய்யுது" என்றேன். இரண்டு வருசத்துக்கு முன்னால் என் மனைவி ஜெனி ஈரக்கையோடு தண்ணீர் ஹீட்டரைத் தொட்டபோது அது டக்கென்று விழுந்ததையும், அவள் கையை உதறிக்கொண்டு சிரித்ததையும், அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் மாடிக்குப் போனதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்பது போல ஆகியிருக்கும். அவள் மன்னிப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"தமிழினி..." என்று ஆரம்பித்தேன்.

"வேலைய முடிங்க."

முடித்தேன். மீட்டரை வைத்து ஒவ்வொரு லைனாக அவளே சோதித்தாள். எர்த் கம்பியைச் சோதித்தாள். பெட்டிக்குள் காகிதம் ஒட்டி, எந்த பிரேக்கர் எந்த மிஷினுக்கு என்று அழகான கையெழுத்தில் எழுதினாள். பிறகு ஐசொலேட்டரை மேலே தள்ளினாள். மூன்று பிரேக்கர்களையும் ஒவ்வொன்றாக ஏற்றினாள். விளக்கு எரிந்தது. டிரம்மின் சுவிட்சைப் போட்டாள். ஒன்பது வருசமாக நின்றிருந்த டிரம் ஒரு தடவை முனகிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

நான் சாமான்களைப் பையில் போட்டேன். கூலியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நிமிர்ந்தபோது அவள் ஒரு வாளித் தண்ணீரோடு நின்றாள். டிரம்மைச் சுற்றிலும் சிமெண்டுத் தரையில் நிதானமாக ஊற்றினாள். வாளியை ஓரமாக வைத்தாள்.

"வேற ஆளு கெடைக்காமயா ஒங்களக் கூப்ட்டேன்னு நெனச்சீங்க?" என்றாள். "செருப்பக் கழட்டுங்க."

எனக்குப் புரிந்தது. நான் போட்ட வேலை. ஒவ்வொரு ஒயரையும் நானே முடுக்கினேன், அவள் இழுத்துப் பார்த்தாள். எர்த் சரியாக இருந்தது. பிரேக்கர் முப்பது மில்லி ஆம்பியர், புத்தம் புதுசு. ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் டிரம்மின் காலில் நான் முடுக்கிய எர்த் கம்பியை இன்னொரு தடவை பார்த்தேன். வேலுத்தாய்க்குப் பயப்பட வேண்டும் என்றுகூடத் தெரிந்திருக்காது. டம்ளர்களை எடுக்க வந்தவள்.

செருப்பைக் கழற்றினேன். தண்ணீருக்குள் கால் வைத்தேன். மலைத்தண்ணீர், பாதம் விறைத்தது. கையை நீட்டிப் பச்சைச் சட்டத்தின் மேல் வைத்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. இரும்பு உள்ளங்கைக்குள் அதிர்ந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். தமிழினி என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எடுக்கச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை.

தரை வாசல் பக்கம் வாட்டமாக இருந்தது. தண்ணீர் ஒரு கோடாகப் பிரிந்து, நிலைப்படியைத் தாண்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த மொக்கச்சாமியின் வெறுங்காலை நோக்கிப் போனது. அது வருவதை அவன் பார்த்தான். காலை நகர்த்தவில்லை.